யாரிடமும் கை நீட்டாதவர்

தன் ஷூவுக்குத் தானே பாலிஷ் போட்டுக்கொள்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதைத் தெருவில் உட்கார்ந்து ஊருக்குக் காட்டிச் செய்த ஒரே மனிதர் ஜீவனஹள்ளியில் எங்கள் எதிர்வீட்டில் இருந்தார். காலை ஏழரைக்கு முதலில் ஒரு ஸ்டூல் வாசலுக்கு வரும். பிறகு பழைய பேப்பர் விரிக்கப்படும். பிரஷ் வரும், பாலிஷ் டப்பா வரும், துடைக்கக் கிழிந்த பனியன் துணி வரும், கடைசியாக ஷூ வரும். இதெல்லாம் தானாக நடந்து வராது. அவர் மனைவி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைப்பார். எல்லாம் வந்து சேர்ந்த பிறகு அவர் வருவார். உட்கார்ந்து, முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு தேய்ப்பார். பால் வாங்கப் போகிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிறவர்கள் யாராவது திரும்பிப் பார்த்தால் போதும்.

"நம்ம வேலைய நாமதான் செஞ்சுக்கணும். அவன்தான் மனுஷன்," என்பார்.

தேய்த்து முடித்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விடுவார். ஸ்டூலையும் பேப்பரையும் பிரஷ்ஷையும் டப்பாவையும் அந்த அம்மா பொறுக்கிக்கொண்டு உள்ளே போவார்.

இதை இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு இருபது வயது. பொறுக்கிக்கொண்டு போன அம்மா என் கண்ணில் படவே இல்லை. ஷூவின் பளபளப்புதான் பட்டது.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்கு ஓர் இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். தெருவில் எல்லோருக்கும் அவர் 'சார்'. ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் ஓர் அறையில் இளைஞர் வகுப்பு நடத்துவார். அந்தக் கன்னட ஊரில் இருந்த சுற்றுவட்டாரத் தமிழ்ப் பிள்ளைகள் இருபது முப்பது பேர் போவோம். நான் அப்போது ஒரு மருந்துக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா இல்லை. அம்மா ஒரு கான்வென்ட்டில் ஆயா. வாழ்க்கையில் முன்னுக்கு வந்துவிட வேண்டும் என்று வெறியாக இருந்த காலம். முன்னுக்கு வருவது எப்படி என்று இலவசமாகச் சொல்ல ஒருவர் எதிர்வீட்டிலேயே இருந்தால் விடுவேனா.

கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதுவார்: யாரிடமும் கை நீட்டாதே. நாங்கள் நோட்டில் எழுதிக்கொள்வோம். பிறகு திரும்பி நின்று விளக்குவார்.

"நாய் இன்னொருத்தன் போடறத சாப்பிடும். மாடு இன்னொருத்தன் கட்டின தொழுவத்துல தூங்கும். மனுஷன் அப்படி இல்ல. தானே சம்பாதிக்கணும், தானே சமைக்கணும், தானே முடிவெடுக்கணும். அடுத்தவன் கைய எதிர்பார்த்தா அன்னிக்கே நீ பாதி மனுஷன்."

தானே சமைக்கணும் என்றவர் வீட்டில் தண்ணீர் கூடத் தானே மொண்டு குடித்ததில்லை. பதினோரு மணிக்கு வகுப்புக்கு டீ வரும். ஏதாவதொரு பிள்ளையின் அம்மா பிளாஸ்க்கில் போட்டு அனுப்பியதாக இருக்கும். முதல் டம்ளர் அவருக்கு. அவர் யாரையும் கேட்டதில்லை என்பது உண்மைதான். "பதினோரு மணி ஆனா எனக்கு லேசா தலை வலிக்கும், அது ஒண்ணும் இல்ல, நீங்க கவனிங்க," என்று முதல் வாரம் சொன்னார். இரண்டாம் வாரத்திலிருந்து பிளாஸ்க் வந்துவிட்டது.

அவருடைய சித்தாந்தத்தில் ஒரு கதவு திறந்தே இருக்கும். கேட்டு வாங்கினால்தான் கை நீட்டுவது. அவர்களாகக் கொடுத்தால் அது மரியாதை. ஆகையால் அவர் எதையும் கேட்க மாட்டார். எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, மூலையில் இருக்கும் பலாப்பழத்தைப் பார்த்து, "எங்க வீட்ல யாருக்கும் பிடிக்காதும்மா. எனக்கு மட்டும் சின்ன வயசுல இருந்து ஒரு ஆசை," என்பார். அம்மா பாதியை அரிந்து கொடுத்தனுப்புவாள். அவர் வேண்டவே வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வாங்கிக்கொள்வார்.

"கேக்காமயே வாங்கறதுக்கும் ஒரு சாமர்த்தியம் வேணும்டி," என்பாள் அம்மா, கத்தியைக் கழுவிக்கொண்டே.

எனக்குக் கோபம் வரும். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பேன். அவர் குடியிருந்த வீடு மாமனார் கட்டியது, வேலை மாமியாரின் தம்பி சொல்லிப் போட்டது என்பதெல்லாம் தெரு முழுக்கத் தெரிந்த சங்கதி. வகுப்பில் அவர் சொன்ன கதை வேறு. முப்பது பேர் வந்த இன்டர்வியூவில் ஒற்றை ஆளாக வென்றேன் என்பார். இரண்டையும் நான் கேட்டிருக்கிறேன். வகுப்பில் சொன்னதைத்தான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

எங்கள் தெருவில் போன் இருந்த வீடு ஒன்றே ஒன்று. லாரி பாய் வீடு. பாய்க்குச் சொந்தமாக ஒரு லாரி. அவரே ஓட்டுவார். லோடு விஷயமாகப் பேச வேண்டியிருக்குமென்று பல வருஷம் காத்திருந்து போன் வாங்கியிருந்தார். அவர் மனைவி ஷகீலாவை நான் ஆபா என்று கூப்பிடுவேன். அவர்கள் வழக்கத்தில் அக்காவை அப்படிச் சொல்வார்கள். ஒரே மகள், கல்யாணமாகிக் கோலாரில் இருந்தாள்.

அந்த நாளில் ஒரு தெருவில் ஒரு வீட்டில் போன் இருந்தால் அது தெருவுக்கே உள்ள போன். பள்ளிக்கூட ஃபாரத்தில், வேலை விண்ணப்பத்தில், கல்யாணப் பத்திரிகையில் அந்த நம்பரைப் போட்டு, அடுத்த வீட்டு நம்பர் என்பதற்கு அடையாளமாகப் பக்கத்தில் பி.பி. என்று எழுதிவிடுவோம். யாரும் போய் அனுமதி கேட்பதில்லை. கேட்டால் ஆபா, "இதுக்குக் கூடவா கேப்பே?" என்று கோபித்துக்கொள்வார்.

சாரும் கேட்கவில்லை. விசிட்டிங் கார்டே அடித்துக்கொண்டார். அதில் ஒரு சின்ன வித்தியாசம், பி.பி. என்ற எழுத்துகள் இல்லை. போன் வந்தால் ஆபா பரோட்டா மாவுக் கையோடு நான்கு வீடு தாண்டி ஓடிவந்து, "சார், போன்!" என்று கத்துவார். சார் சட்டை மாட்டி, தலை வாரி, நிதானமாகப் போவார். ரிசீவரை எடுத்து, "ஒண்ணுமில்ல, பக்கத்து ரூம்ல இருந்தேன்," என்பார். பின்னால் ஆபா மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார். இது ஏழெட்டு வருஷம் நடந்தது.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரித் தண்ணீருக்காகத் தமிழர்களைத் தாக்கிய கலவரம். தமிழ் எழுத்து இருந்த போர்டுகளைக் கடைக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றினார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டின் கதவை உடைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்த காலையில், லாரி பாய் வந்து எங்கள் கதவைத் தட்டினார்.

"ஓசூர் வரைக்கும் கொண்டுபோய் விட்டுடறேன். உங்க சொந்தக்காரங்க இருக்காங்க இல்ல? பத்து நாள் இருந்துட்டு வாங்க. சாரையும் கூட்டிக்கலாம்."

வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் இடம் செய்து எங்களை உட்காரவைத்து மேலே தார்ப்பாய் போட்டார். நான், அம்மா, சார், சார் வீட்டம்மா. வழியில் இரண்டு இடத்தில் லாரியை நிறுத்தினார்கள். பாய் கீழே இறங்கிக் கன்னடத்தில் சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது. தார்ப்பாய்க்கு அடியில் சார் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்திருக்கிறோம் என்றே அவருக்குத் தெரியாது. அத்தனை பயம். எல்லையில் அத்திபெலே செக்போஸ்ட் தாண்டி ஓசூரில் இறங்கியதும் அவர் பாயின் இரண்டு கையையும் பற்றி, "நீங்க தெய்வம்," என்று அழுதார்.

"அரே, போன் வந்தா ஓடிவந்து கூப்பிடறதில்லையா சார். இதுவும் அதேதான்," என்றார் பாய்.

ஊர் அடங்கித் திரும்பி வந்த மறு வாரமே வகுப்பு. சார் கரும்பலகையில் 'துணிவு' என்று எழுதினார். "அந்த நேரத்துல நான் யார் வருவாங்கன்னு எதிர்பார்த்துட்டு உக்காரல. ஒரு முடிவு எடுத்தேன். கிளம்பினேன். பத்திரமா போய்ச் சேர்ந்தேன்," என்றார். முன்வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். வெங்காய வாடை என் தாவணியை விட்டு இன்னும் போயிருக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து நோட்டில் எழுதினேன்: ஒரு முடிவு எடுக்க வேண்டும். என் மேல் எனக்கு இன்றைக்கும் ஆறாத வெறுப்பு ஒன்று உண்டென்றால் அந்த ஒரு வரிக்காகத்தான்.

இரண்டு வருஷம் கழித்து அவருக்கே போன் வந்துவிட்டது. இதற்கு ஒரு விழா நடக்காத குறை. வகுப்பில் அறிவித்தார்: "இன்னியிலிருந்து நான் எவன் வீட்டு வாசப்படியும் மிதிக்க வேண்டியதில்ல." எவன் வீட்டு வாசப்படி என்றால் யாருடையது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். போனுக்கு ஒரு மரப்பெட்டி செய்து, எண்களைச் சுழற்ற முடியாமல் டயலில் சின்னப் பூட்டும் போட்டார். சாவி அவர் பூணூலில் தொங்கியது. வெளியே போகும் அழைப்புக்குப் பூட்டு சரி, உள்ளே வரும் அழைப்புக்கு என்ன செய்வது? அதற்கு வாசலில் ஓர் அட்டை. அவரே அழகாக எழுதியது: வெளியாருக்கான அழைப்புகள் இங்கு ஏற்கப்பட மாட்டா.

கடைசி வீட்டுத் தையல்காரர் தெரியாமல் யாருக்கோ இந்த நம்பரைக் கொடுத்துவிட்டார். போன் வந்ததும் சார், "அப்படி யாரும் இங்க இல்ல," என்று வைத்துவிட்டார். தையல்காரர் ஐந்து வீடு தள்ளி மிஷினில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஞாயிறு அதையே பாடமாக நடத்தினார். "கூப்பிட்டுக் குடுத்திருந்தா என்ன ஆகும்? அவன் வாழ்க்கை முழுக்க இன்னொருத்தன் போன்லயே பேசிட்டிருப்பான். நான் உதவாம இருந்ததுதான் அவனுக்கு நான் செஞ்ச உதவி."

எல்லோரும் தலையாட்டினோம். அந்த வகுப்பில் தலையாட்டுவதற்கு மட்டும் நாங்கள் யார் உதவியையும் எதிர்பார்த்ததில்லை.

தொண்ணூற்றைந்தில் மழைக்கு முன்னால் சாக்கடைக் குழாய் போடுகிறோமென்று எங்கள் தெருவைத் தோண்டினார்கள். எங்கேயோ கேபிளை வெட்டிவிட்டார்கள். பாய் வீட்டுப் பக்கத்துப் போன் செத்துப்போனது. எதிர்ச்சாரியில் சார் வீட்டுப் போன் பிழைத்தது. புகார் எழுதிக் கொடுத்துக் கொடுத்து பாய் அலுத்துப்போனார். இரண்டு மாதம் ஆகியும் யாரும் வந்து பார்க்கவில்லை. அதனால் அவர் லாரிக்குப் போகும்போது சட்டைப் பையில் வைத்திருக்கும் சீட்டில், வீட்டு நம்பருக்குக் கீழே சார் வீட்டு நம்பரை எழுதிக்கொண்டார். அவசரத்துக்கு ஆகும் என்று. சாரிடம் அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றியே இருக்காது. வாசலில் இருந்த அட்டை தமிழில் இருந்தது. பாய்க்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

ஒரு செவ்வாய்க்கிழமை. க்ளீனருக்குக் காய்ச்சல் என்று பாய் தனியாகவே கிருஷ்ணகிரி லோடுக்குக் கிளம்பினார். சாயங்காலம் ஆறு மணிக்கு வேறொரு லாரிக்காரர் தெருவுக்குள் தேடிக்கொண்டு வந்தார். பாய் இறந்துவிட்டார், மாரடைப்பு, ஓசூர் ஆஸ்பத்திரியில் உடல் இருக்கிறது என்றார். ஆபா அப்போது ராத்திரிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தார்.

அடக்கத்தன்று சார் வந்தார். ஷூ பளபளத்தது. தெருமுனையில் நின்றபடி நான்கு பேரிடம், "பாவம், நல்ல மனுஷன். ஆனா பாருங்க, லாரி ஓட்டறவன் ஒரு முன்னேற்பாடு வெச்சிருக்க வேணாமா?" என்றார். நான் அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

ஆபா இத்தாவில் உட்கார்ந்தார். புருஷனை இழந்தவர்கள் நான்கு மாதம் பத்து நாள் வெளியே வரக் கூடாது. நான் வேலை முடிந்து வரும்போது போய்ப் பார்ப்பேன். ஒரு நாள் அவர் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து என் மடியில் வைத்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்தது. லாரிச் சாவி, கைக்கடிகாரம், தொப்பி, அந்த நம்பர் சீட்டு, இரண்டு துண்டு காகிதம்.

"இது இன்னா பில்லு, பாரு கண்ணு. எனக்குப் புரியல."

எஸ்.டி.டி. பூத்தில் பேசி முடித்ததும் மெஷின் அடித்துக் கொடுக்கும் சீட்டு. இரண்டிலும் அந்தச் செவ்வாய்க்கிழமைத் தேதி. முதல் சீட்டில் நேரம் காலை பத்து இருபது, பேசியது நாற்பத்திரண்டு வினாடி. இரண்டாவதில் பத்து இருபத்து மூன்று, பேசியது ஒன்பது வினாடி. இரண்டிலும் ஒரே நம்பர். அந்த நம்பரை நான் எங்கே வேண்டுமானாலும் அடையாளம் சொல்வேன். சொந்த போன் வந்ததும் சார் புது நம்பர் போட்டுக் கார்டு அடித்து வகுப்பில் எல்லோருக்கும் கொடுத்திருந்தார்.

அது சார் வீட்டு நம்பர் என்று நான் சொன்னேன். ஆபா கத்தவில்லை. "அங்கேயிருந்து யாரு பேசியிருப்பா?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

இத்தா முடிந்த மறுநாள் நான் லீவு போட்டேன். ஆபாவும் நானும் பஸ் பிடித்து அத்திபெலே போனோம். சீட்டில் பூத்தின் பெயரும் ஊரும் இருந்தன. செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் கூண்டு, வெளியே ஒரு பெஞ்சு. பூத்துக்காரருக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது.

"உங்க யஜமானராம்மா? அய்யோ. அவரே லாரிய ஓரமா நிப்பாட்டிட்டு நடந்து வந்தாரு. நெஞ்ச இப்படிப் பிடிச்சிட்டு. நான் இன்னாய்யான்னு கேட்டேன், வீட்டுக்குப் பேசணும்னு சொன்னாரு. முதல்ல ஒரு நம்பர், எடுக்கல. அப்புறம் வேற நம்பர்."

"அவரேவா பேசினாரு?" என்றார் ஆபா.

"அவரேதான். கண்ணாடிக்குள்ள, எனக்குக் கேக்கல. ரோட்ல ஹாரன் சத்தம் வேற. வெச்சிட்டாங்கன்னு சொல்லி மறுபடியும் போட்டாரு. மறுபடியும் வெச்சிட்டாங்க. மூணாவது போட்டா எங்கேஜ் டோன். அப்புறம் இந்த பெஞ்சுல உக்காந்தவருதான், அதுக்கப்புறம் வாயே தொறக்கல. சோடா வாங்கிக் குடுத்தேன், குடிக்கல. ஆட்டோல போட்டு நாங்கதான் ஓசூருக்கு அனுப்பினோம்."

ஓசூர் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் உயிர் போன நேரம் மத்தியானம் இரண்டு ஐம்பது என்று இருந்தது. ஜீவனஹள்ளியிலிருந்து ஓசூருக்கு ஒன்றரை மணி நேரம். பதினொன்றுக்குக் கிளம்பியிருந்தால் கூட ஆபா போய்ச் சேர்ந்திருப்பார். இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். நெற்றியில் கை வைத்திருக்கலாம். திரும்பி வரும் பஸ்ஸில் நான் இந்தக் கணக்கைத்தான் மறுபடி மறுபடி போட்டுக்கொண்டு வந்தேன். ஆபா ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தச் சீட்டைக் கையில் வைத்திருந்தார். பொம்மனஹள்ளி வரும்போது கேட்டார்.

"நாப்பத்திரெண்டு செகண்டுன்னா ரொம்ப நேரமா கண்ணு?"

"கொஞ்ச நேரம்தான் ஆபா."

பொய் சொன்னேன். பிறகு ஒரு நாள் வீட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பேசிப் பார்த்தேன். நாற்பத்திரண்டு வினாடியில் நெஞ்சு வலிக்கிறது, அத்திபெலேயில் இருக்கிறேன், என் வீட்டில் சொல்லுங்கள் என்பதை மூச்சு வாங்கி வாங்கி மூன்று தடவை சொல்லலாம். அவ்வளவையும் ஒருவர் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆபா தன் வீட்டுக்குத் திரும்பவில்லை. நேராக எதிர்ச்சாரிக்குப் போனார். சார் ஹாலில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நாங்கள் நின்றோம்.

"சார், அன்னிக்கு எங்க வீட்டுக்காரரு உங்களுக்கு போன் பண்ணாரா?"

"எனக்கா? இங்க ஒண்ணும் வரலையே."

நான் சீட்டுகளை அவர் குறிப்பு நோட்டின் மேல் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ராங் கனெக்‌ஷன் போயிருக்கும். இந்த எக்ஸ்சேஞ்ச்ல இது சகஜம். நம்ம நம்பர் அடிச்சிருக்கும், வேற எங்கயாவது மணி அடிச்சிருக்கும்."

"வந்துச்சு."

சமையலறை வாசலில் சார் வீட்டம்மா நின்றுகொண்டிருந்தார். அந்தத் தெருவில் பத்து வருஷமாக இருந்தும் அவர் குரலை நான் நாலு தடவைக்கு மேல் கேட்டதில்லை.

"அன்னிக்கு இவரு லீவு போட்டு வீட்லதான் இருந்தாரு. ரெண்டு தடவ வந்துச்சு. அப்புறம் இவரு ரிசீவர எடுத்துக் கீழ வெச்சிட்டாரு. யாருங்கன்னு கேட்டேன். ராங் நம்பர்னாரு. சாயந்திரம் விஷயம் தெரிஞ்சதுலேர்ந்து எனக்கு சோறு எறங்கல."

"நீ உள்ள போ."

அவர் போகவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

சார் எழுந்தார். வகுப்பில் நிற்பது போலவே நின்றார். "வாசல்ல எழுதிப் போட்டிருக்கேன். அது எல்லாருக்கும் பொது. ஒருத்தருக்குன்னு விட்டா கொள்கை என்ன ஆகும்? லாரி ஓட்டறவங்க தினம் எங்கயாவது நின்னுதான் போன் பண்ணுவாங்க. எது அவசரம், எது இல்லன்னு நான் எப்படிக் கண்டேன்? ஒரு மனுஷன் வெளிய கிளம்பும்போது தனக்கான ஏற்பாட்டோட..."

"அதெல்லாம் நக்கோ சார்," என்றார் ஆபா. வேண்டாம் என்று அர்த்தம். குரல் உயரவே இல்லை. "சண்டை போட வரல. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். போன்ல அவரு இன்னா சொன்னாரு? கடைசியா அவரு பேசினது உங்ககிட்டதான். அதுக்கப்புறம் யார்கிட்டயும் பேசல. எனக்கு அந்த வார்த்தை வேணும்."

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னலைப் பார்த்தார். அந்த நிமிஷத்தில் கூட நான் முட்டாள்தனமாக நம்பினேன். உள்ளதைச் சொல்லிவிடுவார், மனிதன்தானே என்று. அவர் தொண்டையைச் செருமினார். வெளியே வந்தது ஞாயிற்றுக்கிழமைக் குரல்.

"தைரியமா இருக்கச் சொன்னாரும்மா. யாரையும் எதிர்பார்க்காம, உங்க சொந்தக் கால்ல நீங்க நிக்கணும்னு சொன்னாரு."

செத்துக்கொண்டிருந்த மனிதரின் வாயில் தன் பாடத்தைத் திணித்துவிட்டு, அதை அந்தப் பெண்ணுக்கு ஆறுதலாகவும் நீட்டுகிறார். இப்படி ஒரு பிறவியிடம் நான் மூன்று வருஷம் நோட்டு எழுதியிருக்கிறேன். காறித் துப்பலாம் போல இருந்தது. துப்பவில்லை, ஆபா பக்கத்தில் நின்றார்.

ஆபா அவரையே பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் அவர் எப்படியாவது சமாளித்திருப்பார். அப்படிப் பார்க்கவில்லை.

"எங்க வீட்டுக்காரரு அப்படிச் சொல்ற ஆளு இல்ல சார். காய்ச்சல் வந்தாலே என்னைப் பக்கத்துல உக்காரச் சொல்ற மனுஷன். சமைக்கக் கூட விடமாட்டாரு. ஷகீலாவ வரச் சொல்லுங்கன்னுதான் சொல்லியிருப்பாரு. அதானே சார் சொன்னாரு?"

சார் நோட்டின் மேல் இருந்த சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலை மட்டும் ஒரு தடவை அசைந்தது. ஆமாம் என்று.

ஆபா சீட்டுகளை எடுத்து மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். வெளியே வந்தார். தோண்டிப் போட்ட மண்மேட்டைத் தாண்டி அவர் வீட்டு வாசலுக்கு வந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான்கு மாதம் பத்து நாளும் வாய்விட்டு அழாதவர். என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவே எட்டிப் பார்க்கிற மாதிரி அழுதார்.

"கூப்பிட்டிருக்காரு கண்ணு. என்னைக் கூப்பிட்டிருக்காரு. நான் போகலையே."